பொது சர்வரில் எந்தக் கோப்பை எங்கே வைப்பது: கடலோரக் களப்பணியாளர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மண்டபம், பாம்பன் பக்கம் களப்பணி செய்யும் ஒரு சிறு குழுவின் சர்வரைச் சில ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். ஒரே ஒரு லினக்ஸ் இயந்திரம்தான். இருபது பேருக்குக் கணக்கு இருக்கிறது. மீன் இறங்குதளத்தில் வரத்துக் கணக்கு எடுப்பவர்கள், கடற்புல் படுகையைப் படம் பிடிப்பவர்கள், மூன்று மாதம் மட்டும் வந்து போகும் கல்லூரி மாணவர்கள் என எல்லோருக்கும் அதே டிஸ்க்தான்.

புதிதாக வருபவர்களுக்குக் கணினி தெரியாமல் இல்லை. கோப்பைச் சேமிக்கும் நேரத்தில் கண்ணில் முதலில் பட்ட ஃபோல்டரில் போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு மாதம் கழித்து அந்தக் கோப்பு கிடைப்பதில்லை, அல்லது கிடைத்தாலும் எது அசல் எது நகல் என்று தெரிவதில்லை. கோப்பு உருவாகும் முன்பே அதன் இடத்தைத் தீர்மானித்துவிட்டால் இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

உங்கள் பெயரில் தனிக் கணக்கு வேண்டும். அடுத்தவர் கணக்கில் நுழைந்து வேலை பார்த்தால், கோப்புகள் அவர் பெயரில் உருவாகும். அவர் போன பிறகு அவற்றைத் திருத்த உங்களுக்கு உரிமை இருக்காது.

எந்தத் திட்டத்தில் வேலை செய்கிறீர்களோ அந்தக் குழுவில் உங்கள் கணக்கைச் சேர்த்திருக்கிறார்களா என்று சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள். 'ஐடி' (id) என்ற கட்டளையைக் கொடுத்தால் நீங்கள் இருக்கும் குழுக்களைக் காட்டும். இப்போதுதான் சேர்த்தார்கள் என்றால் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். அதுவரை புதிய குழு நடைமுறைக்கு வராது. "சேர்த்துவிட்டேன் என்றார்கள், ஆனால் திறக்கவில்லை" என்று என்னிடம் வருபவர்களில் பலர் இதைச் செய்யாதவர்கள்தான்.

அப்புறம் ஒரு கார்டு ரீடர், ஒரு நெட்வொர்க் கேபிள். வைஃபையை நம்ப வேண்டாம். 64 ஜிபி கார்டைக் கேபிள் வழியாக நொடிக்கு 80 எம்பி வேகத்தில் அனுப்பினால் 13 நிமிடம் ஆகும். சுவருக்கு அப்பால் இருக்கும் வைஃபையில் நொடிக்கு 10 எம்பி கிடைத்தால் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். நேரம் நீள நீள இடையில் அறுந்துபோகும் வாய்ப்பும் கூடும்.

2. சர்வருக்குள் என்னென்ன இடம் இருக்கிறது என்று பாருங்கள்

பெயர்கள் சர்வருக்குச் சர்வர் மாறலாம். வகை ஏறக்குறைய இதுதான்.

ஹோம்: உங்களுக்கு மட்டும் உரியது. இடம் குறைவு; எங்களிடம் ஆளுக்கு 20 ஜிபி. தினமும் இரவு பேக்கப் ஆகும். நிரல்கள், அமைப்புகள், குறிப்புகள், ஆய்வேட்டு வரைவுகள் போன்றவற்றுக்கு.

புராஜெக்ட்: குழுவுக்கு உரியது. இடம் அதிகம், பேக்கப் உண்டு. களத்திலிருந்து வந்த அசல் தரவும் இறுதி முடிவுகளும் இங்கே இருக்க வேண்டும்.

ஸ்கிராட்ச்: மிகப் பெரியது, வேகமானது, பேக்கப் கிடையாது. எங்கள் சர்வரில் 30 நாள் தொடாத கோப்பு தானாக அழியும்.

டெம்ப்: நிரல்கள் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ளும் இடம். உங்களுக்கு உரியதே இல்லை.

ஆர்க்கைவ்: முடிந்துபோன திட்டங்கள். வாசிக்க மட்டும்.

டெம்ப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அது எல்லோருக்கும் திறந்திருக்கிறது, அனுமதி கேட்காது, கோட்டா (ஆளுக்கு ஒதுக்கிய இட அளவு) காட்டாது. அதனாலேயே புதியவர்கள் அங்கே போகிறார்கள். பல லினக்ஸ் சர்வர்களில் மறுதொடக்கம் ஆனதும் டெம்ப் காலியாகிவிடும். மறுதொடக்கமே ஆகாவிட்டாலும், பல லினக்ஸ் சர்வர்களின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யின் இயல்பான அமைப்பில் 10 நாள் தொடாதது போய்விடும். சில சர்வர்களில் டெம்ப் இருப்பது டிஸ்க்கில்கூட இல்லை, ரேம் நினைவகத்தில்.

எங்களிடம் வந்த ஒரு மாணவி, கடற்புல் படங்களில் ஒவ்வொரு இனத்தின் எல்லையையும் கையால் கோடு இழுத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பதினொரு நாள் வேலை. நிரல் கேட்டபோதெல்லாம் டெம்ப் ஃபோல்டரையே காட்டிச் சேமித்திருந்தார். வாடை மழை நாளொன்றில் மின்சாரம் போனது, யூபிஎஸ் பேட்டரியும் தீர்ந்தது. சர்வர் மறுபடி எழுந்தபோது படங்கள் புராஜெக்டில் பத்திரமாக இருந்தன. அவர் இழுத்த கோடு ஒன்றுகூட இல்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. புதியவர்களுக்கு நான் முதலில் காட்டுவது டெம்ப் ஃபோல்டரைத்தான்: இது இருக்கிறது, இதில் எதுவும் வைக்காதீர்கள்.

நீங்கள் நிற்கும் ஃபோல்டர் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், 'டிஎஃப்' (df) கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு ஒரு புள்ளி வையுங்கள். அந்த டிஸ்க்கின் பெயரும் மீதி இடமும் வரும்.

3. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: இது தொலைந்தால் மறுபடி எடுக்க முடியுமா? பிப்ரவரி 11 அன்று காலை எந்த விசைப்படகு எத்தனை கூடை காரல் மீன் இறக்கியது என்பதை அன்று காலை அங்கே நின்றவர்தான் எழுத முடியும். அது புராஜெக்டுக்குப் போக வேண்டும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை எப்போது வேண்டுமானாலும் இலவசமாக மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அது ஸ்கிராட்சுக்குப் போதும். மறுபடி கிடைக்கும் படத்தைப் பேக்கப் உள்ள இடத்தில் குவித்து வைத்தால், மறுபடி கிடைக்காத தரவுக்கு இடம் இல்லாமல் போகும்.

இரண்டாவது: இது வேறு யாருக்கு வேண்டும்? உங்களுக்கு மட்டும் என்றால் ஹோம். இன்னும் ஒருவருக்கு வேண்டுமென்றாலே புராஜெக்ட். ஹோமில் வைத்துக்கொண்டு மின்னஞ்சலில் நகல் அனுப்பத் தொடங்கினால், இரண்டே வாரத்தில் நான்கு பதிப்பு சுற்றும்.

மூன்றாவது: எத்தனை நாளுக்கு? இன்று மாலைவரை என்றால் ஸ்கிராட்ச். திட்டம் முடியும்வரை என்றால் புராஜெக்ட். அதற்கும் பிறகு என்றால் ஆர்க்கைவ்.

பதில்கள் முரண்பட்டால் முதல் கேள்வியின் பதிலைப் பின்பற்றுங்கள்.

4. திட்ட ஃபோல்டரை அமையுங்கள்

முதல் கோப்பு வரும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். கோப்புகள் குவிந்த பிறகு பிரிப்பது கடினம். அதற்குள் நிரல்களில் பழைய பாதை எழுதப்பட்டிருக்கும்.

நான்கு உள் ஃபோல்டர் போதும்: அசல், பதப்படுத்தியது, முடிவு, ஆவணம். அசலுக்குள் களத்திலிருந்து வந்தது வந்தபடியே இருக்கும். யாரும் திருத்தக் கூடாது. எண் தவறாக இருந்தாலும் அசலில் கை வைக்காமல், திருத்திய பதிப்பைப் பதப்படுத்தியதில் வையுங்கள். ஏன் திருத்தினீர்கள் என்பதை ஆவணத்தில் ஒரு வரி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் காட்டுவதற்கு அசல் இருக்க வேண்டும்.

மேல்மட்டத்தில் ரீட்மீ என்று ஒரு எளிய உரைக் கோப்பு. யார் எடுத்தது, எந்த இடம், எந்தக் கேமரா, அட்டவணையின் எந்தப் பத்தியில் என்ன அலகு என்று தமிழிலேயே எழுதுங்கள். கிலோவா கூடையா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். இறங்குதளத்தில் கூடைக் கணக்கு, அலுவலகத்தில் கிலோக் கணக்கு என்று இரண்டும் ஒரே பத்தியில் கலந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆளுக்கொரு ஃபோல்டர் போட வேண்டாம். ஆள் பெயரில் ஃபோல்டர் இருந்தால், ஆள் மாறியதும் அதற்கு அர்த்தம் போய்விடும். இடம், தேதி, வகை ஆகியவற்றை வைத்துப் பிரியுங்கள்.

5. பெயர் வையுங்கள்

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்: 2025-02-11. அப்படி எழுதினால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். 11-02-2025 என்று எழுதினால் எல்லா மாதத்தின் 11ஆம் தேதியும் ஒன்றாகக் கூடி நிற்கும்.

அதன் பின் இடம், கருவி, வரிசை எண். குருசடைத் தீவில் எடுத்த ஒன்றை இங்கே தமிழில் காட்டுகிறேன்: 2025-02-11_குருசடை_கேம்2_001. வரிசை எண்ணுக்கு முன் சுழியம் வையுங்கள். இல்லாவிட்டால் 10 என்பது 2க்கு முன்னால் வந்து நிற்கும். இடைவெளி வேண்டாம், அடிக்கோடு போடுங்கள். கட்டளைகள் இடைவெளியைக் கண்டால் ஒரு பெயரை இரண்டாக எடுத்துக்கொள்ளும். நேரத்தை 10:30 என்று முக்காற்புள்ளி வைத்து எழுதினால் லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. 1030 என்று எழுதுங்கள்.

கடலையும் பெயரில் சேர்ப்பது எங்கள் பழக்கம். பாக் விரிகுடாப் பக்கம் 'வட', மன்னார் வளைகுடாப் பக்கம் 'தென்'. இங்கே எல்லோரும் வடகடல், தென்கடல் என்றுதான் சொல்கிறார்கள். படம் கலங்கலாக இருந்தால் எந்தக் கடல், எந்த மாதம் என்று பெயரிலேயே தெரிந்துவிடும்.

கோப்புப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். சர்வர் தாராளமாக ஏற்கும். எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு இடங்களில் சிக்கல் வருகிறது, இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

முதலாவது நீளம். லினக்ஸின் பொதுவான கோப்பு முறைகளில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். உயிர்மெய்யில் மெய்க்கு மூன்று, அதன் மேல் ஏறும் குறிக்கு மூன்று. 'இராமநாதபுரம்' என்ற ஒரு சொல்லே 36 பைட். மொத்தம் 85 குறியீடுதான் இடம். நீளமான விளக்கப் பெயர் வைப்பவர்கள் இதில் முட்டிக்கொள்வார்கள்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. மனோலித் தீவின் பெயரில் 'னோ' இருக்கிறது அல்லவா? அந்த ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சர்வருக்கு அவை வேறு வேறு பெயர். பழைய மேக் டிஸ்க்கிலிருந்து வந்த ஃபோல்டர் பிரித்த வடிவத்திலும், விண்டோஸில் தட்டச்சு செய்தது சேர்ந்த வடிவத்திலும் இருந்ததால், எங்கள் சர்வரில் 'மனோலி' என்று அடுத்தடுத்து இரண்டு ஃபோல்டர் நின்றன. பாதிப் படம் ஒன்றில், மீதி இன்னொன்றில். தேடிய மாணவருக்குப் பாதிதான் கிடைத்தது.

அதனால் என் பரிந்துரை இது: அசல் தரவின் கோப்புப் பெயர்கள் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் இருக்கட்டும்; ரீட்மீ, அட்டவணைத் தலைப்பு, உள்ளடக்கம் எல்லாம் தமிழில் இருக்கட்டும். தீவுப் பெயர்களுக்கான எழுத்துக்கூட்டலை ஒரு பட்டியலாக ஆவண ஃபோல்டரில் வைத்து எல்லோரும் அதையே பின்பற்றுங்கள். பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் லினக்ஸ் வேறாகப் பார்க்கும் என்பதால் எல்லாம் சிறிய எழுத்தாகவே இருப்பது நல்லது.

6. கார்டிலிருந்து சர்வருக்கு

தரவு தொலைவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். நிதானமாக, வரிசை மாறாமல் செய்யுங்கள்.

முதலில் கையைக் கழுவித் துடையுங்கள். படகிலிருந்து இறங்கிய ஈரக் கையோடு கார்டைத் தொட்டால், அதன் உலோக முனைகளில் உப்பு படியும். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராக் கூட்டை முதலில் துடைத்து, காய்ந்த பிறகு திறந்து கார்டை எடுங்கள். கார்டின் பக்கவாட்டில் பூட்டு இருந்தால் அதைத் தள்ளிப் பூட்டுங்கள். பூட்டியபின் பெரும்பாலான ரீடர்கள் கார்டில் எதையும் எழுதவோ அழிக்கவோ விடாது.

அடுத்து, நேராகச் சர்வரின் அசல் ஃபோல்டருக்கு நகலெடுங்கள். "முதலில் மடிக்கணினியின் டெஸ்க்டாப்பில் போட்டு வைப்போம், அப்புறம் சர்வருக்கு அனுப்பலாம்" என்று நினைக்காதீர்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. மடிக்கணினி நிரம்பியதும் அழிக்கத் தோன்றும். அப்போது சர்வருக்குப் போனதா இல்லையா என்று யாருக்கும் நினைவிருக்காது.

நகலெடுக்க 'ஆர்சிங்க்' (rsync) கட்டளையைப் பயன்படுத்துங்கள், 'ஏ' (-a) என்ற விருப்பத்தோடு. அது கோப்பின் பழைய தேதியை அப்படியே வைத்திருக்கும். வெறும் 'சிபி' (cp) கட்டளையில், நீங்கள் நகலெடுத்த நேரமே கோப்பின் தேதியாகிவிடும். ஆர்சிங்க் ஒவ்வொரு கோப்பையும் மறைவான தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக வந்து சேர்ந்த பிறகே உண்மைப் பெயரை வைக்கிறது. நடுவில் மின்சாரம் போனால், பாதிக் கோப்பு முழுக் கோப்பு போல உட்கார்ந்திருக்காது. மறுபடி அதே கட்டளையைக் கொடுத்தால் விட்டுப்போனதை மட்டும் எடுக்கும்.

ஆர்சிங்கில் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் பிழை உண்டு. மூல ஃபோல்டரின் பெயருக்குக் கடைசியில் சாய்கோடு போட்டால் உள்ளே இருப்பதை மட்டும் எடுக்கும்; போடாவிட்டால் அந்த ஃபோல்டரையே எடுத்து வந்து உள்ளே வைக்கும். எது வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் 'என்' (-n), 'வி' (-v) ஆகிய இரண்டு விருப்பங்களையும் சேர்த்து ஒத்திகை ஓட்டம் விடுங்கள். எதையும் நகர்த்தாமல், என்ன செய்யப்போகிறது என்று பட்டியலை மட்டும் காட்டும்.

நீருக்கடி வீடியோ என்றால் இன்னொன்றைக் கவனியுங்கள். 32 ஜிபி வரையான கார்டுகளில் பொதுவாக இருக்கும் ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. அதனால் கேமரா நீண்ட பதிவைத் துண்டு துண்டாக வெட்டி வைக்கும். நொடிக்கு 60 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் எடுத்தால் 27 ஜிபி, அதாவது ஏழு துண்டு. முதல் துண்டைத் திறந்து பார்த்துவிட்டு, "வீடியோ இருக்கிறது" என்று அதை மட்டும் எடுத்து வந்தவர்கள் உண்டு. முழு ஃபோல்டரையும் எடுங்கள்.

நகல் முடிந்ததும் மூன்று சோதனை: கோப்பு எண்ணிக்கை, மொத்த அளவு, அப்புறம் 'எஸ்எச்ஏ256' (sha256sum) சரிபார்ப்பு எண். முதல் இரண்டும் பொருந்தினால் போதாதா என்றால், போதாது. சில நகல் முறைகளில் கோப்புக்கான இடம் முன்கூட்டியே பிடிக்கப்படுவதால், இடையில் அறுந்தாலும் அளவு சரியாகத் தெரியலாம். உள்ளே பாதி வெற்றாக இருக்கும். சரிபார்ப்பு எண் உள்ளடக்கம் முழுவதையும் வாசித்துக் கணக்கிடப்படுவது. ஒரு பிட் மாறினாலும் எண் மாறும். அந்த எண்களின் பட்டியலை அசல் ஃபோல்டரிலேயே சேமித்து வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கோப்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்க அதே பட்டியல் உதவும்.

பிறகு அசல் கோப்புகளிலிருந்து எழுதும் உரிமையை எடுத்துவிடுங்கள்.

கார்டை அன்றே அழிக்காதீர்கள். அன்றிரவு பேக்கப் ஓடி முடிந்ததென்று மறுநாள் காலை உறுதி செய்த பிறகு, கேமராவுக்குள் போட்டு அங்கேயே ஃபார்மட் செய்யுங்கள். அதுவரை தரவு கார்டிலும் சர்வரிலும் என இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். இதற்காக ஒரு கார்டு கூடுதலாக வாங்க நேரும். வாங்குங்கள், ஒரு நாள் படகு வாடகையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய செலவு.

7. யார் பார்க்கலாம் என்பதைத் தீர்மானியுங்கள்

"திறக்கவில்லை" என்று யாராவது சொன்னதும், உரிமைகளை மாற்றும் 'சிஎச்மாட்' (chmod) கட்டளையில் 777 என்ற எண்ணைக் கொடுப்பது மிக மோசமான பழக்கம். சர்வரில் கணக்குள்ள யாரும் வாசிக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம் என்று அதற்குப் பொருள்.

நம் கடலில் இது வெறும் ஒழுங்குப் பிரச்சினை இல்லை. கடல் பசு, கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. கடல் அட்டை 2001இல் அதில் சேர்ந்தது. அதன் கடத்தல் இந்தக் கடற்கரையில் இன்றும் பிடிபட்டுக்கொண்டிருக்கிறது. எந்த இடத்தில் எத்தனை கண்டீர்கள் என்ற ஜிபிஎஸ் பட்டியல் தவறான கைக்குப் போனால், அது வேட்டைக்கு வழிகாட்டும் வரைபடம். மீனவர்களின் பெயர், கைபேசி எண், படகுப் பதிவெண் உள்ள தாள்களுக்கும் இதே கவனம் வேண்டும். நம்பிச் சொன்னவர்களுடைய தகவல் அது.

திட்ட ஃபோல்டருக்கு 2770 கொடுங்கள். உரிமையாளருக்கும் குழுவுக்கும் முழு உரிமை, வெளியாருக்கு ஒன்றுமில்லை. முன்னால் உள்ள 2 எதற்கென்றால், உள்ளே புதிதாக உருவாகும் கோப்பெல்லாம் தானாகத் திட்டக் குழுவுக்கே சேரும். அதோடு, புதிய கோப்புகளுக்கு எந்த உரிமைகள் கிடைக்கக் கூடாது என்று சொல்லும் 'உமாஸ்க்' (umask) மதிப்பை 007 ஆக வையுங்கள். இல்லாவிட்டால் கோப்பு குழுவுக்குச் சேர்ந்தாலும் குழுவினர் திருத்த முடியாது. இருப்பிடப் பட்டியல், கைபேசி எண் போன்றவற்றுக்கு இன்னும் சிறிய குழு ஒன்றை உருவாக்கித் தனி ஃபோல்டரில் வையுங்கள்.

பலரைக் குழப்பும் ஒன்று: ஹோமில் உருவாக்கிய கோப்பை அதே டிஸ்க்கில் உள்ள புராஜெக்டுக்கு 'எம்வி' (mv) கட்டளையால் நகர்த்தினால், அது பழைய குழுவையே சுமந்துகொண்டு வரும். நகலெடுத்தால்தான் புதிய ஃபோல்டரின் குழுவை ஏற்கும். ஆர்சிங்கின் 'ஏ' விருப்பமும் பழைய குழுவைத் தக்கவைக்கப் பார்க்கும். புராஜெக்டுக்குள் வந்த பிறகு, குழுப் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பட்டியலிட்டுப் பாருங்கள்.

ஹோமுக்கு 777 கொடுத்தவர்களுக்கு இன்னொரு விளைவும் உண்டு. கடவுச்சொல்லுக்குப் பதிலாக எஸ்எஸ்எச் சாவி என்ற சாவிக் கோப்பை வைத்து நுழைபவராக இருந்தால், ஹோம் மற்றவர்கள் எழுதும்படி திறந்திருப்பதைக் கண்டதும் சர்வர் அந்தச் சாவியை ஏற்க மறுக்கும். "நேற்றுவரை உள்ளே போனது, இன்று கடவுச்சொல் கேட்கிறது" என்று வந்தால் நான் முதலில் பார்ப்பது ஹோமின் உரிமையைத்தான்.

8. வேலையை ஸ்கிராட்சில் செய்யுங்கள்

அசலை ஸ்கிராட்சுக்கு நகலெடுத்து அங்கே உடைத்து, பிரித்து, கணக்குப் போடுங்கள். ஒரு மணி நேர வீடியோவிலிருந்து நொடிக்கு ஒரு படம் எடுத்தாலே 3600 கோப்பு. பத்து மணி நேரத்துக்கு 36,000. இவை இரவு பேக்கப்புக்குள் போனால் அது விடிந்தும் முடியாது.

நிரல்கள் ஹோமில் இருக்கட்டும். நிரலும் அசலும் பத்திரமாக இருந்தால், இடைக்கால கோப்புகள் அழிந்தாலும் ஓரிரவில் மறுபடி உருவாக்கிவிடலாம். கையால் செய்த வேலை மட்டும் இதற்கு விலக்கு. கோடு இழுத்தது, இனம் அடையாளம் கண்டது, எண்ணிக் குறித்தது எல்லாம் உங்கள் கண் உழைப்பு. அதை மறுபடி உருவாக்க நிரலால் முடியாது. அன்றன்று மாலையே புராஜெக்டின் பதப்படுத்தியது ஃபோல்டருக்குக் கொண்டுபோங்கள்.

ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் புராஜெக்டுக்குக் கொண்டுவந்தே ஆகவேண்டும் என்றால் 'டார்' (tar) கட்டளை கொண்டு ஒரே கட்டாகக் கட்டிவிடுங்கள். டிஸ்க்கில் இடத்துக்கு எல்லை இருப்பதுபோல் கோப்பு எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. பாதி டிஸ்க் காலியாக இருக்கும்போதே "இடம் இல்லை" என்ற செய்தி வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். 'டிஎஃப்' கட்டளையை 'ஐ' (-i) விருப்பத்தோடு கொடுத்துப் பாருங்கள்.

9. கோட்டா நிரம்பினால்

கோட்டாவுக்கு இரண்டு கோடு உண்டு. மென் எல்லையைத் தாண்டினால் எச்சரிக்கை வரும், சில நாள் அவகாசம் கிடைக்கும். பொதுவாக 7 நாள். வன் எல்லையைத் தொட்டால் அப்போதே எழுதுவது நின்றுவிடும். சேமித்துக்கொண்டிருந்த கோப்பு சுழி பைட்டாக மிஞ்சவும் கூடும். அதனால் எச்சரிக்கை வந்த அன்றே சுத்தம் செய்யுங்கள்.

எதையும் அழிக்கும் முன் எது இடத்தைப் பிடித்திருக்கிறது என்று 'டியூ' (du) கட்டளையால் பாருங்கள். புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர்களையும் சேர்த்துப் பாருங்கள். ஹோம் நிரம்பியவர்களிடம் பாதி இடத்தைப் பைத்தான் தொகுப்புகளின் கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) பிடித்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அதை அழித்தால் நட்டமில்லை. கட்டளை இல்லாமல் சாளரத் திரையில் சுட்டியால் அழித்த கோப்புகள் குப்பைத்தொட்டிக்குப் போய் உங்கள் கோட்டாவிலேயே உட்கார்ந்திருக்கும். அதையும் காலி செய்யுங்கள்.

அழித்தும் இடம் கூடவில்லை என்றால், அந்தக் கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கலாம். அந்த நிரலை மூடிய பிறகுதான் இடம் விடுபடும்.

10. வாடை வருமுன் வெளியூரில் ஒரு நகல்

சர்வரில் இரண்டு டிஸ்க் இணையாக ஓடுகிறது, அதனால் பத்திரம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு டிஸ்க் கெட்டால் அது காப்பாற்றும். தவறாக அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். கட்டடத்துக்குள் தண்ணீர் வந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது பேக்கப் செய்பவர்களிடம் நெடுநாளாகப் புழங்கும் விதி. எங்களுக்கு அந்த வேறு ஊர் மதுரை. அசல், முடிவு, ஆவணம் ஆகிய மூன்று ஃபோல்டரும், பதப்படுத்தியதில் கையால் செய்த வேலையும் அங்கே போகும். செப்டம்பர் கடைசிக்குள் அனுப்பிவிடுகிறோம். அக்டோபருக்குப் பின் மின்சாரத்தையும் இணையத்தையும் நம்பி உட்கார முடியாது. வெளி ஹார்ட் டிஸ்க்கில் அனுப்பினால், காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு வையுங்கள். இந்த உப்புக் காற்றில் திறந்த அலமாரியில் கிடந்தால் யூஎஸ்பி முனைகள் துரு ஏறிவிடும்.

நகல் எடுத்தால் மட்டும் போதாது, திரும்ப எடுத்தும் பார்க்க வேண்டும். அதற்கு நாங்கள் ஒதுக்கியிருப்பது மீன்பிடித் தடைக்காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், இறங்குதளக் கணக்கும் குறைவு. நகலிலிருந்து ஏதாவது பத்துக் கோப்பை வேறொரு கணினியில் இறக்கி, சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டு, திறந்தும் பார்க்கிறோம். பழைய ஸ்கிராட்சைச் சுத்தம் செய்வதும், முடிந்த திட்டங்களை ஆர்க்கைவுக்கு மாற்றுவதும் அதே நாட்களில்தான்.

11. கிளம்பும் முன் ஒப்படையுங்கள்

உங்கள் வேலை முடிகிறது என்றால் கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். ஹோமில் திட்டத்துக்குத் தேவையான நிரல் எது என்று பார்த்துப் புராஜெக்டுக்கு நகலெடுங்கள். கணக்கு மூடியதும் ஹோமும் போய்விடும். ஸ்கிராட்சில் கையால் செய்த வேலை ஏதும் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். நிரல்களுக்குள் உங்கள் ஹோமின் பாதை எழுதியிருந்தால் அதைப் புராஜெக்டின் பாதையாக மாற்றி, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் இடத்துக்கு வருபவரையோ குழுவில் இன்னொருவரையோ பக்கத்தில் உட்கார வைத்து, ரீட்மீயை மட்டும் கையில் கொடுங்கள். "2025 பிப்ரவரியில் குருசடையில் எடுத்த இரண்டாவது கேமரா வீடியோவைத் திறங்கள்" என்று சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் பாருங்கள். அவர் எந்த இடத்தில் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, ரீட்மீயில் அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். அவர் கேட்காமலேயே கோப்பைத் திறந்த பிறகு, கணக்கை மூடச் சொல்லுங்கள்.